உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கழியொலியும்: ஷோகிரன் நோயை அறியும் முறைகள் பற்றிய ஒரு நோக்கு

உடலிலே சுரக்கும் திரவங்களுள் உமிழ்நீர் அளவுக்கு மதிப்பிழந்தது பிறிதொன்றில்லை எனலாம். எச்சில் என்று நாம் ஒதுக்கும் இத்திரவத்தை நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை நமது சுரப்பிகள் ஊற்றிக்கொண்டிருக்கின்றன. அது வற்றும்போதே அதன் அருமை புலனாகின்றது. பாண் துண்டொன்றைத் தண்ணீரின்றி விழுங்க இயலாமை, பேசிக்கொண்டிருக்கையில் நாக்கு அண்ணத்திலே ஒட்டிக்கொள்ளல், நள்ளிரவில் இருமுறை மும்முறை எழுந்து நீர் பருகல், பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தையாதல் ஆகிய யாவும் இந்நோயாளரின் வாழ்க்கையிலே நாள்தோறும் நிகழ்வன. ஆயினும் வைத்தியரின் முன்னே அமர்ந்து "வாய் காய்கிறது" என்று கூறும் ஒருவரிடம் சான்றாகக் காட்டுதற்குப் பெரும்பாலும் வீக்கமோ புண்ணோ இருப்பதில்லை. அவர் பெண்ணாயின், அதிலும் மாதவிடாய் நின்ற வயதினராயின், வயதையோ மனக்கவலையையோ காரணங்காட்டி அனுப்பிவிடுதல் எளிது. இங்ஙனம் அனுப்பப்படுவோருள் ஒரு பகுதியினர் ஷோகிரன் நோயினாற் பீடிக்கப்பட்டவர்கள். இந்நோயாளருள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அண்மைக் காலத்திலே இச்சுரப்பிகளைக் கழியொலி கொண்டு நோக்கும் முறை வைத்தியர்களிடையே பரவி வருகின்றது. நம் நாட்டிலே 'ஸ்கான்' என்ற சொல்லைக் கேட்டவுடன் கர்ப்பிணிப் பெண்ணின் வயிறே பலருக்கும் நினைவில் எழும். அதே பௌதிகத் தத்துவத்தில் இயங்கும் கருவியைக் காதின் முன்புறத்திலும் தாடையின் கீழும் வைத்து, சுரப்பியின் உள்ளமைப்பைத் திரையிலே காணலாம். இம்முறை எதனைக் காட்டுகின்றது, எதனைக் காட்டாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரண்டாவது வினாவே நமக்கு முதன்மையானதாகத் தோன்றுகின்றது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். புறத்தேயிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி தன் உடலின் இழையங்களையே பகையாகக் கொள்ளும்போது தன்னெதிர்ப்பு நோய்கள் தோன்றுகின்றன. ஷோகிரன் நோயிலே அத்தாக்குதலுக்கு முதன்மையாக இலக்காவன கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளுமாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளுட் பெரியவை மூன்று சோடி: காதின் முன்னும் கீழுமாக அமைந்த கன்னச் சுரப்பி, தாடையெலும்பின் உட்புறமாக உள்ள கீழ்த்தாடைச் சுரப்பி, நாவின் அடியிலுள்ள நாவடிச் சுரப்பி. இவையன்றி உதட்டிலும் அண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. நோயுற்ற சுரப்பியிலே, உமிழ்நீரைக் கொண்டுசெல்லும் கான்களைச் சூழ நிணநீர்க் குழியங்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்கின்றன. காலஞ்செல்லச் செல்ல நீரைச் சுரக்கும் கலங்கள் அழிய, அவ்விடத்தைக் கொழுப்பும் நாரிழையமும் பிடித்துக்கொள்கின்றன. எனினும் வறட்சி முழுவதும் இவ்வழிவினால் விளைவதன்று. அழியாது எஞ்சிய கலங்களும் நரம்பின் ஏவலுக்கு இணங்காது வாளாவிருத்தலுண்டு. அமைப்பு வேறு, தொழிற்பாடு வேறு என்ற இவ்வுண்மைக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

1888-ஆம் ஆண்டிலே இலண்டனில் ஹாடன் என்பார் உமிழ்நீர் வற்றிய பெண்ணொருவரைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் மிக்குலிச் என்ற அறுவை வைத்தியர் கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஒருங்கே வீங்கிய விவசாயி ஒருவரைப் பற்றி எடுத்துரைத்தார். ஆயினும் கண் வறட்சி, வாய் வறட்சி, மூட்டு நோவு ஆகிய மூன்றையும் ஒரே நோயின் முகங்களாகக் கண்டு தொகுத்தவர் சுவீடன் தேசத்துக் கண் வைத்தியரான ஹென்றிக் ஷோகிரன் ஆவார். 1933-இல் ஜேர்மன் மொழியில் அவர் அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு 19 பெண்களைப் பற்றியது. அவர்களுள் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகும் தகுதியைப் பெற்றுத்தரும் அளவுக்கு அவ்வாய்வேட்டுக்குத் தேர்வாளர் புள்ளி வழங்கவில்லை. அவரும் கல்வியுலகை விட்டு நீங்கி, யோன்சோப்பிங் என்னும் நகரின் வைத்தியசாலையிலே கண் வைத்தியராகப் பணியாற்றினார். 1943-இல் அவுஸ்திரேலியரான புரூஸ் ஹமில்ற்றன் அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. 1961-இல் சுவீடன் அரசு அவருக்குப் பேராசிரியர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. நோயாளியின் சொல் மட்டுமன்றி அதனை நம்பிய வைத்தியரின் சொல்லும் புறக்கணிக்கப்பட்ட வரலாறு இது.

இனி, இந்நோயை உறுதிசெய்யும் பழைய வழிகளை நோக்குவோம். இரத்தத்திலே 'றோ' எனப் பெயரிய பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கின்றதா எனப் பார்த்தல் ஒன்று. நோயாளர் பெரும்பாலோரிடம் இது காணப்படும். ஆயின் எல்லோரிடமும் அன்று. கீழுதட்டின் உட்புறத்தைச் சிறிது கீறி, சில சிறு சுரப்பிகளை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்தல் மற்றொன்று. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர்க் குழியங்கள் ஓரிடத்திலே திரண்டிருப்பின் அதனை ஒரு குவியம் என்பர். 4 சதுர மில்லிமீற்றருக்கு ஒரு குவியமேனும் இருத்தல் நோய்க்குச் சான்றாகும். நம்பத்தகுந்த பரிசோதனையே எனினும், உதட்டைக் கீறுதற்கு நோயாளி உடன்பட வேண்டும். கீறியபின் உதட்டில் மரத்த உணர்வு சிலருக்கு நெடுநாள் நீடிக்கும். ஆய்ந்து சொல்லத் தேர்ந்த நோயியலாளர் ஒருவரும் வேண்டும். ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்யத்தக்க பரிசோதனையும் அன்று.

படமெடுக்கும் முறைகளும் இருந்தன. கன்னச் சுரப்பியின் கான் வாயினுள் திறக்கும் நுண்துளையிலே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் திரவத்தைப் புகுத்திப் படமெடுப்பர். இயல்பான சுரப்பி இலையுதிர்ந்த மரத்தின் கிளைகள் போலவும், நோயுற்ற சுரப்பி அக்கிளைகளிலே சிறு கனிகள் தொங்குவது போலவும் தோன்றும். அழகிய படம், ஆனால் நோயாளிக்கு நோவு தரும் படம். கதிர்த்தொழிற்பாடுடைய தெக்னீசியத்தை இரத்தத்திலே செலுத்திச் சுரப்பி அதனை எவ்வளவு விரைவாக வாங்கி வெளியேற்றுகின்றது என அளக்கும் முறையும் வழக்கில் இருந்தது. 2002-இல் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர் வகுத்த விதிகளில் இவ்விரண்டும் இடம்பெற்றிருந்தன. 2016-இல் வகுக்கப்பட்ட விதிகளிலே இவை நீக்கப்பட்டன.

அவ்விடைவெளியிலேதான் கழியொலி வந்து சேர்கின்றது. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹேட்ஸ் மீடிறன் வரையுள்ள ஒலியையே கேட்கும். சுரப்பிகளை ஆராயும் கருவியின் மீடிறனோ பெரும்பாலும் 7 முதல் 18 மெகாஹேட்ஸ் வரையாகும். அதாவது செவியின் எல்லையிலும் பன்னூறு மடங்கு மிகையானது. 'புரோப்' எனப்படும் ஆய்முனையிலுள்ள பளிங்குத் துண்டுகள் மின்னழுத்தம் மாறுந்தோறும் அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றன. திரும்பி வரும் எதிரொலி அவற்றை அழுத்தும்போது மின்குறிகளைத் தோற்றுவிக்கின்றன. அழுத்தத்திற்குள்ளான பளிங்கு மின்னேற்றங் கொள்ளும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர் கண்டனர். உலோகத்திலே வெடிப்புத் தேடிய தொழிற்சாலைக் கருவியின் வழிவந்த கருவியினால் கிளாஸ்கோ நகரிலே இயன் டொனால்ட் வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட கட்டுரை வைத்தியத் துறையில் இதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று.

மென்மையான இழையங்களில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1540 மீற்றர் வேகத்திற் செல்லும். 2 சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள ஒரு பரப்பிற் பட்டுத் திரும்ப அதற்கு ஒரு செக்கனின் பத்துலட்சத்தில் 26 பங்கே தேவை. இக்காலத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணிக்கின்றது. எதிரொலியின் வலிமையைத் திரையில் ஒளியாக மாற்றுகின்றது. வலிய எதிரொலி வெண்மையாகவும் மெலிந்தது சாம்பல் நிறமாகவும் தோன்றும். எதிரொலி எழுப்பாத நீர் போன்ற பொருள் கருமையாகத் தோன்றும். மீடிறன் கூடக்கூட அலைநீளம் குறுகுகின்றது. 12 மெகாஹேட்ஸில் அது ஏறக்குறைய 0.13 மில்லிமீற்றர். ஆகவே நுண்ணிய வேறுபாடுகளும் தெரிகின்றன. ஆனால் அத்தகைய ஒலி ஆழத்திற் புகுமுன் வலுவிழந்துவிடும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் தோலுக்கு அண்மையில் இருப்பது இவ்வகையில் நமக்கு வாய்ப்பாகின்றது. எனினும் கன்னச் சுரப்பியின் ஆழ்ந்த பகுதி தாடையெலும்பின் பின்னே மறைந்துள்ளமையால் அதனைக் கழியொலி காண இயலாது.

பரிசோதனை எளியது. நோயாளி மல்லாந்து படுத்துக் கழுத்தைச் சற்றே பின்னுக்கு வளைத்துத் தலையை ஒருபுறம் திருப்புகின்றார். காற்று ஒலியைத் திருப்பிவிடுமாதலால் தோலிலே குளிர்ந்த களியொன்று பூசப்படுகின்றது. இரு கன்னச் சுரப்பிகளையும் இரு கீழ்த்தாடைச் சுரப்பிகளையும் நெடுக்காகவும் குறுக்காகவும் நோக்க ஏறக்குறையப் பத்து நிமிடம் போதும். ஊசியில்லை, கதிரில்லை, நோவுமில்லை.

நலமான சுரப்பி திரையிலே சீரான மென்சாம்பல் நிறத்தில் அருகிலுள்ள தசையைக் காட்டிலும் வெளிறித் தோன்றும். நன்கு அரைத்த மாவைத் தட்டிலே பரப்பினாற் போன்றதென்று கூறலாம். நோயுற்ற சுரப்பியிலே அச்சீர்மை குலைகின்றது. வட்டமாகவும் நீள்வட்டமாகவும் கருந்தீவுகள் தோன்றுகின்றன. அவற்றிடையே வெண்கோடுகள் ஓடும். சுரப்பியின் எல்லை மங்கிவிடுவதும் உண்டு. முற்றிய நிலையிலே முழுச் சுரப்பியும் சிறுத்தைப் புலியின் தோல் போன்று புள்ளி படர்ந்து காணப்படும்.

இத்தோற்றங்களை எண்களாக்கும் முயற்சி 1992-இல் இத்தாலிய ஆய்வாளர் வெளியிட்ட மதிப்பீட்டு முறையோடு வலுப்பெற்றது. 2005-இல் சுலொவேனியா நாட்டினர் ஐந்து இயல்புகளுக்குப் புள்ளி வழங்கி நான்கு சுரப்பிகளுக்கும் சேர்த்து 0 முதல் 48 வரையான அளவுகோல் ஒன்றை அமைத்தனர். 17 புள்ளியை எல்லையாகக் கொண்டபோது அம்முறை நோயாளருள் நூற்றுக்கு ஏறக்குறைய 59 பேரைக் கண்டறிந்தது. நோயற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 99 பேரைச் சரியாக விலக்கிற்று. இவ்விரு எண்களையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். படத்திலே நோய் தெளிவாகத் தெரியுமாயின் அதனைப் பெரிதும் நம்பலாம். தெரியவில்லையாயின் நோய் இல்லை என்று கூறிவிட முடியாது, ஏனெனில் நூறு நோயாளரில் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றனர். பின்னைய கருவிகளும் முறைகளும் இவ்வெண்களை மாற்றியிருப்பினும் இச்சமமின்மை முற்றாக நீங்கவில்லை.

ஒவ்வொரு நாட்டினரும் தத்தமக்கென ஓர் அளவுகோலை வைத்திருந்தமையால் ஒருவர் முடிவை மற்றவருடையதோடு ஒப்பிடல் அரிதாயிருந்தது. 2019-இல் பன்னாட்டு ஆய்வாளர் குழுவொன்று நான்கு படிகள் கொண்ட எளிய அளவுகோலை முன்வைத்தது. இயல்பான சுரப்பிக்கு 0. கருந்தீவுகள் இன்றிச் சிறிதே சீர்மை குலைந்ததற்கு 1. ஆங்காங்கே கருந்தீவுகள் தோன்றியதற்கு 2. இயல்பான இழையமே எஞ்சாது கருந்தீவுகள் முழுவதும் பரவியதற்கு 3. இவற்றுள் 1 என்னும் படியே இடர்ப்பாடானது. நலமானோரிடத்தும் முதியோரிடத்தும் அது காணப்படக்கூடும். ஒருவர் 0 என்பதை மற்றொருவர் 1 என்பார். ஆதலால் 2, 3 என்பனவே நோய்க்குரியனவாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன.

கருந்தீவுகள் உண்மையில் யாவை? நிணநீர்க் குழியங்களின் திரட்சி என்பார் சிலர். விரிந்த கான்கள் என்பார் வேறு சிலர். இரண்டும் கலந்தவை என்பதும் ஒரு கருத்து. ஆய்வாளரிடையே இது முடிந்த விவாதமன்று. நோய் தணிந்தால் தீவுகள் மறையுமா, அன்றி வடுப்போல நிலைத்துவிடுமா என்ற வினாவும் இதனோடு பிணைந்தது. திரையிற் காண்பது இன்று எரியும் தீயையா, முன்னர் எரிந்த தீயின் கரியையா என்று சொல்ல இயலாத நிலையில், மருந்தின் பயனை இப்படத்தைக் கொண்டு அளப்பதிலே நிதானம் தேவை.

2016-ஆம் ஆண்டு விதிகளிலே 'றோ' எதிரிக்கு 3 புள்ளியும், உதட்டுச் சுரப்பிக் குவியங்களுக்கு 3 புள்ளியும், கண்ணின் மேற்பரப்புச் சேதத்துக்கும் கண்ணீர் குறைவுக்கும் உமிழ்நீர் குறைவுக்கும் ஒவ்வொரு புள்ளியும் வழங்கப்பட்டன. 4 புள்ளி பெறுபவர் நோயாளராக வகுக்கப்படுவார். அதிலே கழியொலிக்கு இடம் அளிக்கப்படவில்லை. 2020-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று அதனையும் ஒரு புள்ளியாகச் சேர்த்துப் பார்த்தது. நோயாளரைக் கண்டறியும் திறன் நூற்றுக்கு 90.2 இலிருந்து 95.6 ஆக உயர்ந்தது. நோயற்றோரை விலக்கும் திறன் 84.1 இலிருந்து 82.6 ஆகச் சிறிதே தாழ்ந்தது. ஒரு புள்ளி தானே என்று எண்ணுதல் கூடாது. 'றோ' எதிரிக்குரிய 3 புள்ளியோடு நிற்கும் ஒருவருக்கு இவ்வொரு புள்ளி உதட்டைக் கீறும் தேவையையே நீக்கிவிடக்கூடும். ஆயின் இவ்விதிகள் ஆய்வுக்கு ஆட்களைத் தெரிவதற்காக வகுக்கப்பட்டவையேயன்றி ஒரு நோயாளிக்கு நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்பளிப்பதற்காக வகுக்கப்பட்டவையல்ல. நடைமுறையிலே இவ்வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகின்றது.

பிற நோய்களும் இதே தோற்றத்தைக் காட்டக்கூடும். சார்கொயிடோசிஸ் எனப்படும் நோய், எச்.ஐ.வி. தொற்றிலே கன்னச் சுரப்பியில் தோன்றும் நீர்ப்பைகள், 'ஐ.ஜீ.ஜீ. நாலு' என்னும் புரதத்தோடு தொடர்புடைய நோய் ஆகியவற்றை இங்கே குறிப்பிடலாம். இறுதியிற் கூறியது பெரும்பாலும் கீழ்த்தாடைச் சுரப்பிகளையே பற்றும். மிக்குலிச் கண்ட நோயும் இவ்வகையினதே என இன்று பலர் கருதுகின்றனர். கழுத்துப் பகுதிக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றோரின் சுரப்பிகளும் சிதைந்து காணப்படும். மறுதலையாக, ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்துகள் பலவற்றால் வாய் காய்வோருக்குச் சுரப்பி திரையிலே இயல்பாகவே தோன்றும்.

இனி, முன்னர் விட்ட இடத்துக்கு வருவோம். கழியொலி காட்டுவது சுரப்பியின் அமைப்பை. நோயாளி கூறுவது அதன் தொழிற்பாட்டின் குறைவை. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை. படத்திலே பெருஞ்சிதைவு காணப்படும் ஒருவர் வாய் வறட்சியைப் பற்றி முறையிடாதிருக்கலாம். ஓயாது நீர் பருகுபவரின் சுரப்பி மாசற்றுத் தோன்றலாம். நோயின் தொடக்க காலத்திலே, கலங்கள் இணங்காமற் போயினும் அழியாதிருக்கும் நிலையிலே, இவ்வாறு நிகழ்வது வியப்பன்று. நாம் அஞ்சுவது இதனையே: முன்னர் "வயதாகிவிட்டது" என்று கூறி அனுப்பப்பட்ட அப்பெண், இனி "ஸ்கானில் ஒன்றுமில்லை" என்று கூறி அனுப்பப்படுவார். பழைய அவநம்பிக்கைக்குப் புதிய கருவியொன்று சாட்சியாகிவிடும். எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் பரிசோதனை, வேறெதனையும் செய்யாதிருப்பதற்குச் சாக்காகவும் எளிதிலே பயன்பட்டுவிடும். மூட்டு நோய்க்கெனத் தனி வைத்தியர் இல்லாத ஊர்களிலே இவ்விடர் பெரிது. திரையை நோக்குபவருக்குச் சுரப்பியைப் படிக்கப் பயிற்சியும் இல்லாவிடின் இடர் இரட்டிப்பாகும்.

இத்துணை நுண்கருவிகளைப் பற்றிப் பேசுகையில் மிக மலிவான பரிசோதனை ஒன்று மறக்கப்படுகின்றது. எடையறிந்த கிண்ணமொன்றை நோயாளியிடம் கொடுத்து, எதனையும் மெல்லாது பதினைந்து நிமிடம் வாயிலூறும் நீரை அதிலே விடச்செய்து அளத்தலே அது. 1.5 மில்லிலீற்றர் அல்லது அதனிலுங் குறைவாயின் சுரப்புக் குறைந்துள்ளது எனக் கொள்ளலாம். படம் அமைப்பைக் கூறக் கிண்ணம் தொழிற்பாட்டைக் கூறும். இரண்டையும் ஒரே நாளிற் செய்துவிடலாம். கிண்ணத்தை யாரும் கேட்பதில்லை என்பதே நமது குறை.

நோய் உறுதியான பின்னரும் கழியொலிக்கு வேலையுண்டு. ஷோகிரன் நோயாளருள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளிலே நிணநீர்ப் புற்றுநோய் தோன்றலாம் என்று கணிக்கப்பட்டுள்ளது. கன்னச் சுரப்பியே அது தோன்றும் முக்கிய இடங்களுள் ஒன்று. கன்னத்திலே வீக்கம் வந்து வந்து போகாது நிலைத்து நிற்குமாயின், அல்லது பிற தீவுகளினின்றும் வேறுபட்ட பெருங்கருமை ஒன்று ஒரு சுரப்பியிலே தனித்துத் தோன்றுமாயின், கழியொலியின் துணையோடு ஊசியைச் செலுத்தி அவ்விடத்து இழையத்தை எடுத்து ஆராயலாம். குருட்டுவாக்கிற் குத்தாது குறித்த இடத்தையே தொடுவதற்கு இது உதவுகின்றது. முகநரம்பு கன்னச் சுரப்பியினூடே செல்வதால் இவ்வுதவி சிறிதன்று. மூன்றாம் படியிலுள்ள சுரப்பிகளை உடையோரை எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை மீண்டும் நோக்க வேண்டும் என்பதிலே வைத்தியரிடையே ஒருமித்த விதி ஏற்படவில்லை. வீக்கம் புதிதாகத் தோன்றினால் அடுத்த தவணைக்குக் காத்திராது உடனே வரவேண்டும் என்று நோயாளியிடமே சொல்லிவைப்பது இப்போதைக்குச் செய்யக்கூடியது. அங்ஙனம் வருபவரின் சொல்லைக் கேட்டு ஆய்முனையை அன்றே கையிலெடுக்கும் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும்.